ஆடியில் அளந்த காற்று

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் புதுச்சத்திரம் பக்கம் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. தானியம் தூற்ற வேண்டுமானால் முறத்தோடு களத்துக்குப் போவார்கள், முகத்தை ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார்கள், நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொள்வார்கள். காற்றை மட்டுமே வருடக்கணக்கில் படித்துவிட்டு, அது எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியாமல் போனவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். அதுவும் என்னுடைய சொந்த நிச்சயதார்த்தத்தன்று, இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வுத் தலைப்பு, கொந்தளிப்பான காற்றோட்டத்தை வரம்புறு கூறு முறையில் கணினி மூலம் கணக்கிடுதல். (இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார். பல கல்யாண வீடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.) விஷயம் ஒன்றும் பெரிதில்லை. காற்று ஓடும் இடத்தைக் காகிதத்தில் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் காற்று எப்படிப் போகிறது என்று ஒரு கணக்கு எழுத வேண்டும். பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் தங்கள் எல்லையில் ஒத்துப்போக வேண்டும். எங்கள் ஊரில் பூமியைப் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளை ஒத்துப்போக வைப்பதும் இதுவும் ஒரே வேலைதான். பங்காளிகளுக்குப் பஞ்சாயத்து வேண்டும், முக்கோணங்களுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், இரண்டிலும் சீக்கிரம் முடிவு வராது.

என் அம்மாவின் அண்ணன், அதாவது என் தாய்மாமா, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருந்தார். வீட்டுக்குக் கிழக்கே ஒரு நீளமான கோழிக்கொட்டாய். அதற்குள் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளை லெகார்ன் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அவருக்கு ஒரே மகள், பூங்கொடி. அவளை எனக்குத்தான் கொடுப்பது என்று இரண்டு குடும்பத்திலும் சின்ன வயதிலேயே பேச்சு. எனக்கும் அவள்மேல் ஆசை, கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் நான் முதுகலை சேர்ந்த வருடம் அத்தையின் அண்ணன், பள்ளிபாளையத்துக்காரர், வேறொரு மாப்பிள்ளையைக் கொண்டு வந்துவிட்டார். அந்தப் பையனிடம் சொந்தமாக இரண்டு ரிக் லாரிகள் இருந்தன. ஆழ்துளைக் கிணறு போட வடநாடு வரைக்கும் போய் வருகிற வண்டிகள். என்னிடம் சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது, அதிலும் செயின் அடிக்கடி கழன்றது.

மாமா என்னை உட்கார வைத்து நேராகவே கேட்டார்.

"ஏனுங்க மாப்ளே, ரிக்கு வச்சிருக்கறவன் பூமிக்குள்ள முன்னூறு அடி ஓட்டையப் போட்டுத் தண்ணி எடுத்துக் குடுக்கறான். நீங்க காத்தைப் படிச்சு ஆருக்கு என்னத்த எடுத்துக் குடுப்பீங்க?"

"காத்தை நாம சொல்ற பக்கம் ஓட வைக்கலாங்க மாமா."

அவர் கொட்டாயைத் திரும்பிப் பார்த்தார். "போன சித்திரையில வெயில் தாங்காம எழுவது கோழி செத்துப் போச்சு. அதுக்குள்ளாற காத்து ஓட வையுங்க பாக்கலாம். ஓடுச்சுன்னா புள்ளையப் பத்திப் பேசுவோம். ஓடலீன்னா நீங்க உங்க காத்தைப் பாருங்க, நான் எம்பட ரிக்கைப் பாக்கறேன்."

இப்படியாக என் ஆய்வும் என் கல்யாணமும் ஒரே கோழிக்கொட்டாய்க்குள் மாட்டிக்கொண்டன.

ஆடி நோம்பிப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தவன் பத்து நாள் தோட்டத்திலேயே தங்கிக் காற்றை அளந்தேன். கல்லூரிக் கருவியை வெளியே தர மறுத்துவிட்டார்கள். அதனால் ஒரு பழைய சைக்கிள் அச்சில் நான்கு கொட்டாங்குச்சிகளைக் கட்டி, மூங்கில் நுனியில் ஏற்றி, அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினேன். ஆடி மாதம் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டாங்குச்சி சுற்றிய வேகத்தில் இரண்டு முறை கழன்று சோளக்காட்டுக்குள் போய் விழுந்தது. பூங்கொடிதான் தேடி எடுத்து வந்தாள். நான் எண்ணிச் சொல்லச் சொல்ல அவள்தான் நோட்டில் குறித்தாள்.

மூன்றாம் நாள் அவள் பென்சிலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, கோழி சாகறது சித்திரையில. நீங்க ஆடியில அளக்கறீங்களே?"

"இப்பத்தான் எனக்கு லீவு."

"சரிங்க. தையில காத்து கெழக்கெ இருந்தில்லீங்க வரும்? அதையும் வந்து அளப்பீங்களா?"

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே ஓங்கி அறையத் தோன்றுகிறது. "அதெல்லாம் எல்லை நிபந்தனை. உனக்குச் சொன்னாப் புரியாது" என்றேன். அவள் நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஆடி' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். நான் அதை அழகுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னைக்குத் திரும்பிக் கணக்கை ஆரம்பித்தேன். அப்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கு வேண்டியதை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, ஜன்னலில் கொடுத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் போனால் எங்கோ ஒரு கமா விட்டுப்போயிற்று என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கும். கமாவைச் சரிசெய்ய ஒரு நாள், அடுத்த கமாவுக்கு இன்னொரு நாள் என்று ஒரு மழைக்காலமே போயிற்று.

கமாக்கள் தீர்ந்த பிறகு கோழிகள் பிரச்சினையாயின. ஒரு கோழியைக் கணக்கில் சேர்க்கக் குறைந்தது எட்டு முக்கோணங்கள் வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு கோழிக்குப் பன்னிரண்டாயிரம். கம்ப்யூட்டரில் எனக்கு ஒதுக்கிய இடத்தில் நூறு முக்கோணம் கொள்வதே பெரும்பாடு. ஆகவே கொட்டாயில் கோழிகளே இல்லை என்று அனுமானித்தேன். என் பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோழிப்பண்ணையில் கோழி எங்கேப்பா?"

"முதல் கட்டத்துக்குத் தேவையில்லை சார்."

அவர் நல்ல மனிதர். மேலே எதுவும் கேட்கவில்லை.

கோழியை எடுத்த பிறகும் கணக்கு முடிவுக்கு வரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் காற்றின் வேகம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மாமாவின் கொட்டாய்க்குள் காற்று ஒலியை முந்திக்கொண்டு ஓடியது. கடைசியில் இந்தத் துறையில் எல்லோரும் செய்து யாரும் வெளியே சொல்லாத வேலையை நானும் செய்தேன். காற்றின் பாகுத்தன்மையைக் கொஞ்சம் கூட்டினேன். கொஞ்சம் என்றால், காற்று விளக்கெண்ணெய் ஆகும் அளவுக்கு. உடனே கணக்கு அடங்கி ஒடுங்கி முடிவுக்கு வந்தது. கோழி இல்லாத பண்ணைக்குள் விளக்கெண்ணெய் மேற்கிலிருந்து கிழக்காக அழகாக வழிந்தோடுவதை அம்புக்குறிகள் போட்டுப் படமாக வரைந்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறியபோது, பூங்கொடி எனக்குக் கிடைத்துவிட்டாள் என்றே நம்பினேன்.

அடுத்த ஆனியில் படத்தின்படி வேலை நடந்தது. கொட்டாயின் மேற்கு முனையில் தகரத்தால் ஒரு பெரிய புனல் கட்டினோம். அகன்ற வாய் வீட்டைப் பார்த்து, குறுகிய வாய் கொட்டாய்க்குள். கிழக்கு முனையில் தரையோடு தரையாக ஒன்றரை அடி உயரத்துக்கு நீளமான திறப்பு. இரண்டு பக்கமும் தகரக் கதவு, இரண்டையும் ஒரே கயிற்றை இழுத்துத் தூக்கிவிடலாம். பக்கவாட்டில் காற்று கசியாமல் சாக்குப் படுதாக்களை இறக்கிக் கட்டினேன். கிழக்குத் திறப்புக்குக் கம்பிவலை அடித்தோம். மேற்குப் புனலுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வலை காற்றைத் தடுக்கும், என் முக்கோணங்களில் வலை இல்லை. "கோழி வெளிய வந்துருமுங்க மாப்ளே" என்றார் மாமா. நான் ஒரு வாரம் திறந்து வைத்துக் காட்டினேன். ஆடிக் காற்று புனலுக்குள் ஊதிய ஊதலில் ஒரு கோழியால்கூட எதிர்த்து நடந்து வெளியே வர முடியவில்லை. இரண்டு மூன்று முயன்று பார்த்துவிட்டு இறகெல்லாம் பின்பக்கம் திரும்பிப்போய்க் கொட்டாயின் மூலைக்குத் திரும்பின.

அந்த ஆடி முழுக்கக் கொட்டாய் குளுகுளுவென்று இருந்தது. தூசியும் இறகும் கிழக்கே சோளக்காட்டுக்குப் போயின. ஒரு கோழியும் சாகவில்லை. (ஆடியில் எங்கள் பக்கம் எந்தக் கோழியும் வெயிலால் செத்ததில்லை என்பதை அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒருத்தி சொல்லியிருந்தாள், அவளுக்குத்தான் புரியாது என்று சொல்லிவிட்டேனே.) மாமா சந்தைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி என் பெருமையைச் சொன்னார். ரிக் மாப்பிள்ளைக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி ஆள் போயிற்று. தையில் நிச்சயம், படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று முடிவானது. ஐப்பசி மழை தொடங்கியதும் கிழக்குச் சாரல் உள்ளே வரக்கூடாதென்று மாமா கதவுகளை இறக்கினார். தை வரைக்கும் அவை மூடியே இருந்தன. தரையில் பரப்பியிருந்த நிலக்கடலை ஓடான கடலைத்தொட்டியும் கோழி எச்சமும் இறகும் அந்த மூன்று மாதத்தில் நன்றாகச் சேர்ந்து, மழை விட்டபின் காய்ந்து, மிதித்தால் மாவாகும் பதத்துக்கு வந்திருந்தன.

நிச்சயத்துக்குப் பந்தல் எங்கே போடுவது என்று மாமா கேட்டார். வீட்டுக்கும் கொட்டாய்க்கும் நடுவில், புனலுக்கு நேர் எதிரே போடச் சொன்னவன் நான்தான். கணக்குப்படி அங்கே ஒரு துளித் தூசி வரக்கூடாது.

அன்றைக்குக் காலையில் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். தாம்பாளங்களில் பட்டுச்சேலை, பூ, பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் வரிசையாக இருந்தன. தட்டு மாற்ற இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மாமா சும்மா இருக்காமல் பள்ளிபாளையத்துக்காரரிடம் என் காற்றுக் கணக்கைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். ரிக் மாப்பிள்ளை போன கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"காத்தையெல்லாம் கணக்குப் போட்டு ஓட்டறாராக்கும்? எங்கெ, இப்ப ஒருக்கா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க பாக்கலாம்."

"அதுக்கென்னுங்க? மாப்ளே, போயி அந்தக் கயித்தை இழுத்துட்டு வாங்க!"

புதுப் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டாயை நோக்கி நடந்தேன். வீட்டு ஜன்னலில் பூங்கொடி தெரிந்தாள். அலங்காரம் பாதியில் நிற்க, கம்பிக்கு வெளியே கையை நீட்டிச் சமையல் புகையைக் காட்டினாள். புகை மேற்கே போய்க்கொண்டிருந்தது. அவளும் மேற்கே மேற்கே என்று கையை வேகமாக ஆட்டினாள். பெண் இவ்வளவு பேர் முன்னால் வெட்கமில்லாமல் நமக்குக் கையாட்டுகிறதே என்று பூரித்துப்போய் நானும் பதிலுக்குக் கையாட்டினேன். பிறகு கயிற்றை இழுத்தேன்.

முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தது. தைமாதக் கிழக்குக் காற்று தரையோடு இருந்த அந்தத் திறப்புக்குள் நுழைந்து, மூன்று மாதக் குப்பையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டு, புனலின் அகன்ற வாய் வழியாகப் பந்தலுக்குள் வந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு மேகம். அதன் வாசனையைப் பற்றி எழுதினால் வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். பாயசத்தில் மிதந்தது முந்திரியா கடலைத்தொட்டியா என்பதைப் பிறகு சமையல்காரராலேயே சொல்ல முடியவில்லை. இருநூறு பேரும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டார்கள். என் அம்மா என்னிடமே வந்து, "ஏஞ்சாமி, எம்பட பையனைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கோழிகள் வந்தன. ஆடியில் எதிர்க்காற்று அவற்றை உள்ளே நிறுத்தியிருந்தது. இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது, முன்னால் வலை இல்லை, சாம்பார் வாசம் வேறு. ஆயிரத்து ஐந்நூறு கோழிகளும் ஒரு திருவிழாக் கூட்டம் போலப் பந்தலுக்குள் நுழைந்தன. இலைகளில் ஏறின, ஜமுக்காளத்தில் கிளறின, நாதஸ்வரக்காரரின் மடியில் உட்கார்ந்தன. பள்ளிபாளையத்துக்காரர் தலைப்பாகைமேல் ஒன்று ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது. இன்னொன்று பட்டுச்சேலை இருந்த தாம்பாளத்தில் நிதானமாக உட்கார்ந்து, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் இல்லாமல் முட்டையிட்டது. போட்டோக்காரர் பயத்தில் கேமராவை அழுத்திவிட்டார்.

அந்த நேரத்தில் ஓடிப்போய்க் கதவை மூடியிருக்கலாம், இரண்டு கோழியையாவது பிடித்திருக்கலாம். நான் செய்தது என்னவென்றால், சட்டைப் பையிலிருந்து கணக்குத் தாளை எடுத்து விரித்துப் பார்த்தேன். அம்புக்குறிகள் எல்லாம் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். அச்சு அசலாகப் பொருந்தியது. நோட்டின் முதல் பக்கத்தில் அவள் கொட்டை எழுத்தில் எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோழி போனால் கோழி, மானம் போனால் மானம், இவளும் போய்விடுவாளே என்றுதான் பயம்.

மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். மீசையிலிருந்து ஓர் இறகை எடுத்துக் கீழே போட்டார்.

பள்ளிபாளையத்துக்காரர் தலையில் கோழியோடு சத்தம் போட்டார். "பாத்தீங்களா? அந்த ரிக்குக்காரப் பையன் இன்னும் சும்மாதான் இருக்கறான். ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மாமா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "பொழுது உளுகறதுக்குள்ள அத்தனை கோழியும் உள்ள போயிருக்கோணும். ஒண்ணு வெளிய இருந்தாலும் தட்டு மாத்தறதில்லீங்க."

நான் கோழி பிடிக்க ஓடினேன். கால் மணி நேரத்தில் நான் பிடித்தது மூன்று. அதில் ஒன்று அடுத்த தோட்டத்து நாட்டுச் சேவல். மிச்சமெல்லாம் வேலிவரை சிதறிப் போயிருந்தன. வேட்டி கிழிந்து, மூச்சு வாங்கி, வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தூசி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அப்போது தகரச் சத்தம் கேட்டது. தலையில் பாதிப் பூவும் முகமெல்லாம் தூளுமாகப் பூங்கொடி நிச்சயச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தீவன டின்னைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வந்தாள். தினமும் அந்தச் சத்தத்துக்குத்தான் அவற்றுக்குத் தீவனம். வேலி ஓரத்தில் இருந்த கோழியெல்லாம் தலையைத் தூக்கின. அவள் தட்டிக்கொண்டே புனல் வழியாக உள்ளே போனாள். வந்தது போலவே, ஆனால் இந்த முறை வரிசையாக, கோழிகள் காற்றை எதிர்த்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தன.

"தீவனம்னா எந்தக் காத்துலயும் வருமுங்க" என்றாள் என்னைக் கடந்து போகும்போது. "எந்திரிச்சு வந்து கதவை மூடுங்க."

மூடினேன். எங்கெங்கோ ஒளிந்திருந்த மிச்சக் கோழிகளைத் தேடி உள்ளே விடுவதிலேயே பகல் போயிற்று. பொழுது சாய்கிற நேரத்தில் மாமா கொட்டாயைச் சுற்றி வந்தார், வேலிவரை நடந்தார், பந்தலுக்குள் குனிந்து பார்த்தார். வெளியே ஒரு கோழிதான் பாக்கி. அது பள்ளிபாளையத்துக்காரர் தலையில் இருந்தது. நல்ல நேரம் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூங்கொடி அவர் பின்னால் போய் நின்று, அந்தக் கோழியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, "இப்ப எல்லாம் உள்ள வந்தாச்சுங்கப்பா. தட்டை மாத்துங்க" என்றாள். மாமா தட்டை எடுத்தார்.

தட்டை வாங்கும்போது என் அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கறான் அம்முணி. காத்துதான் படிக்காம வந்துருச்சு."

மறுநாளே புனலைப் பிரித்து, அந்தத் தகரத்தைப் பன்றி வராமல் கிணற்று மேட்டுக்கு வேலியாக அடைத்தார்கள். சாக்குப் படுதாக்களைச் சுருட்டிவிட்டதும் பக்கவாட்டில் காற்று தானாக வந்து போயிற்று. கோழியில்லாத பண்ணையை வைத்து எனக்குப் பட்டமும் கிடைத்தது. ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் 'காற்றின் திசை மாறுவதை இனிவரும் ஆய்வுகளில் கவனிக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வாய்மொழித் தேர்வு நடத்த வந்தவர் அதைப் படித்துவிட்டு, நல்ல தொலைநோக்கு என்று பாராட்டினார்.

எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரே ஒரு போட்டோதான் உண்டு. அதில் நானும் இல்லை, பூங்கொடியும் இல்லை. ஒரு தாம்பாளம், ஒரு பட்டுச்சேலை, அதன்மேல் ஒரு கோழி. கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் வீட்டில் எதையாவது அடித்துச் சொல்லிவிட்டால் போதும். இந்த வழியில் போனால் சீக்கிரம் போகலாம், இந்த மருந்து கேட்கும், பேரனுக்கு இந்தப் படிப்புதான் சரி என்று எதைச் சொன்னாலும் அவள் செய்துகொண்டிருக்கிற வேலையிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. "ஏனுங்க, இது ஆடியில அளந்ததுங்களா, தையில அளந்ததுங்களா?" என்று மட்டும் கேட்பாள். மகன் கேட்கிறான், மருமகள் கேட்கிறாள், போன வாரம் நான்கு வயதுப் பேரனும் கேட்டுவிட்டான். நான் எழுந்து வாசலுக்குப் போய், முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன்.